நான்கு மூலை மஞ்சள்

கொழும்பிலிருந்து வந்த கடித உறையை அம்மா கத்தரிக்கோலால் வெட்டப்போனபோது நான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எது வந்தாலும் வாசித்துச் சொல்வது என் உத்தியோகம். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

"மேலை என்ன எழுதியிருக்கு, பிள்ளை?"

"சின்னம்மான்ர பேர்" என்றேன், முதல் வரியை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து.

பெயருக்குக் கீழே சிவப்பு மையில் ஆங்கிலத்தில், திறந்தால் செல்லாது என்றும் எழுதியிருந்தது.

உள்ளே இருந்தது சின்னம்மாவின் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. இடம்பெயர்ந்ததில் பழைய தாள் தொலைந்துபோனது. அம்மாவின் தங்கையான அவர் அப்போது டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். பரீட்சைத் திணைக்களம் முத்திரையிட்ட உறையைப் பல்கலைக்கழகத்துக்கே நேரே அனுப்ப வேண்டும் என்பது விதி. அங்கே அதற்கு எழுதிக்கொடுத்த கொழும்பு மாமாவோ, கைக்கு வந்தால்தான் நிச்சயம் என்று, எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார்.

கலியாணக் கார்டோ விசாக் கடிதமோ, நல்ல காகிதம் எதுவானாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசிப் பிள்ளையார் படத்தடியில் வைக்காமல் அம்மா விடமாட்டார். பெறுபேற்றுக்கும் அதுதான் நடந்தது.

வேலையால் வந்த சின்னம்மா வெட்டுப்பட்ட உறையை நெடுநேரம் பார்த்தார். "நல்லதுக்குத்தானே அக்கா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் பிரெஞ்சு பேச என்னையும் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனார். அலுவலகப் பெண் மஞ்சள் தாளை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினாள். மாத முடிவுக்குள் புதிய உறை நேரே வரவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம்தான் என்றாள்.

"ஆர் திறந்தது எண்டு கேக்கிறா, சின்னம்மா."

"நான்தான் எண்டு சொல்லு."

பொய்யைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு எரிச்சலாக இருந்தது. மெட்ரோவில் வரும்போது சின்னம்மா, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா" என்றார். என்னை அடியிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நினைத்து நிம்மதியடைந்தேன்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. மூன்று வாரமும் விடியற்காலையில் எழும்பி, ஃபோன் கார்டைச் சுரண்டி மாமாவைத் திணைக்களத்துக்குத் துரத்தினார். மாமாவுக்கு அலுத்துவிட்டது, சின்னம்மாவுக்கு அலுக்கவில்லை. அந்த நாட்களில் அம்மா மத்தியானச் சாப்பாட்டை விட்டிருந்தார். மெலியத்தான் என்று நினைத்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது உறை போய்ச் சேர்ந்தது. இடமும் கிடைத்தது. வந்தவர்களிடமெல்லாம் சின்னம்மா, "அக்கா வச்ச மஞ்சள்தான் இடம் எடுத்துத் தந்தது" என்றார். அம்மா உடனே தேநீர் போடக் குசினிக்குள் போய்விட்டார். வெட்கமாக்கும் என்று சிரித்தேன்.

ஒன்பது வருடம் கழித்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப என் பெறுபேற்றை ஒட்டிய உறையில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் தந்தார்கள். அம்மா மஞ்சளோடு வந்தார். நான் பதறியதைப் பார்த்து, "பயப்பிடாதை, வெளியாலைதான் பூசுறன். அண்டைக்குச் சின்னம்மா பட்ட பாடே போதும்" என்றார்.

"உங்களுக்கு ஆரம்மா சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. அவள் விடியக்காலமை ஃபோனிலை கெஞ்சேக்கை நான் முழிப்புத்தான்."

நான்கு மூலையிலும் பூசி முடித்துவிட்டு விரலைத் துடைத்தார்.

"சின்னம்மாட்டைச் சொல்லிப்போடாதை. அவள் தாங்கமாட்டாள்."