ராஜேஸ்வரி அக்காவின் உயரம்

பழங்காநத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பழைய மாணவி ஒருத்தி வந்து, ராஜேஸ்வரி டீச்சர் போய்விட்டார் என்றாள். என் பஸ் வந்தது, போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரே பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், உட்கார்ந்து அவர் பாடம் நடத்தியதே இல்லை. முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கிய நாளிலும் சாக்பீஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு எழுதுவார்.

வலிக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. எப்போதோ ஒரு டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்தது, முகம் உருண்டு பளபளத்தது. நமக்குத்தான் கன்னம் உப்பினால் போதுமே, உடம்பு தேறிவிட்டதென்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். ஆசிரியர் அறையே அவருக்குக் கண்ணேறு கழிக்கச் சொன்னது.

ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் உயரத்துக்குக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவது அவர் வகுப்பு வழக்கம். தனக்கும் ஒரு கோடு போடச் சொல்வார். ஒரு வருஷம் அவருடைய பழைய கோடு தலைக்கு மேலே நின்றது. பிள்ளைகள் முழித்தார்கள்.

"போன வருஷம் பூ வச்சிருந்தேன்டி" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால் கரும்பலகையில் அவர் தேதி எழுதும் இடமும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் திருநகர் பஸ் பள்ளத்தில் தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு நொறுங்கியது. மூட்டில் இருக்கிற அழற்சியே எலும்பை அரிக்கும், இத்தனை வருஷம் தின்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்து அரித்திருக்கிறது என்றாராம் பெரிய டாக்டர். சட்டென்று நிறுத்தவும் கூடாது, மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம். பார்க்கப் போன என்னிடம் அக்கா சொன்னார்: "மூஞ்சில பூசிட்டு எலும்புல எடுத்திருச்சு தாயி."

கூன் விழுந்து திரும்பி வந்தவரிடம், அலுவலக வேலை பார்க்கலாமே என்றார் தலைமையாசிரியை. வகுப்பை விட்டால் தனக்கு ஒன்றுமே இல்லை என்று என்னிடம் அழுதார் அக்கா. அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் உக்காந்தா கடைசி பெஞ்சு தூங்கிரும்."

அடுத்த திங்கட்கிழமை கரும்பலகை கீழே இறங்கியிருந்தது. யார் ஆணியைப் பிடுங்கி இறக்கி அடித்தார்கள் என்பது இதைப் படிக்கும் சிலருக்குத் தெரியும். அக்கா சாக்பீஸைப் பொத்திக்கொண்டார். பலகையின் உச்சியில் தேதியை எழுதிவிட்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இனி ஒனக்குத்தான் இடுப்பு வலிக்கும், நெட்டக்கொக்கு."

வலித்தது. அதே பலகையில் குனிந்துதான் நான் தமிழ் எழுதினேன். அவர் ஓய்வு பெற்றதும் பலகையை ஏற்றிவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. வெள்ளையடித்ததில் நிலைக்கோடுகள் மறைந்துவிட்டன. இன்றும் டியூஷன் பிள்ளைகளுக்கு எழுதப் போனால், என் கை அக்காவின் உயரத்தில்தான் தொடங்குகிறது.