சௌகத் அலி வீட்டுப் பாசி

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் விற்கும் சௌகத் அலியிடம் பாசியைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. மொட்டை மாடியில் பாசி, தண்ணீர் சம்புக்குள் பாசி என்று எதைச் சொன்னாலும் ஒரு பாட்டில் மருந்தும், அதோடு இலவசமாக ஒரு பிரசங்கமும் கிடைக்கும். "பாசி தானா வராது சார். நாம இடம் கொடுத்தாத்தான் வரும்" என்று முடிப்பார். வந்தவர் ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போல பாட்டிலை வாங்கிக்கொண்டு போவார்.

இப்பேர்ப்பட்ட நிபுணரின் வீட்டு ஹாலில் இருந்த கடல்நீர் மீன் தொட்டி, பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. கல்லெல்லாம் முடி முடியாகப் பாசி. நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு, புதருக்குள் வழி தவறியவர்களைப் போல எட்டிப் பார்த்தன.

தொட்டி அவர் மகள் ஷாயிஸ்தாவுடையது. கல்யாணமாகி மேடவாக்கத்து அடுக்ககத்துக்குப் போனபோது, இடமில்லை என்று அப்பாவிடம் விட்டுப் போனாள். மேடவாக்கம் பக்கம்தான். ஆனால் நடுவில் உள்ள நெரிசலில் பெண்ணைத் துபாய்க்குக் கட்டிக்கொடுத்ததும் இதுவும் ஒன்றுதான். அதனால் தினமும் வீடியோ கால். அதில் அப்பாவை நலம் விசாரிப்பதற்கு முன்னால் மீனைத்தான் விசாரிப்பாள். சௌகத் அலியும் தொட்டி தெரியாதபடி போனைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிப் பிடித்து, சமாளித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கை தவறித் தொட்டி தெரிந்துவிட்டது.

"என்ன அத்தா இது? தீனி அதிகமாப் போடுறீங்க. மிச்சம் அழுகி, அதுதான் பாசிக்கு உரம். ரெண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும். பெருநாளைக்கு நான் வர்றதுக்குள்ள சரியாகலைன்னா, எங்க அபார்ட்மென்ட்ல ஜீவானந்தம் சார் பெரிய தொட்டி வெச்சிருக்கார். மீனை அவர்கிட்ட கொடுத்துடுவேன்."

சௌகத் அலி போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். சாயங்காலம் கதவைத் திறந்ததும் தன்னைப் பார்க்கக் கண்ணாடிக்கு ஓடிவர, அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா? கடைக்காரருக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே. உடனே விசாரணையைத் தொடங்கினார்.

மனைவி ஜஹீரா ஒப்புக்கொண்டாள். அது நோன்பு மாதம். "விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு எழுந்து நாம சாப்பிடுறப்போ அதுங்க பார்த்துக்கிட்டே இருக்குதுங்க. எப்படிங்க தொண்டையில இறங்கும்? கொஞ்சூண்டுதான் போட்டேன்."

ஊரப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வரும் செல்வமேரியும் ஒப்புக்கொண்டாள். "நீங்கதான் சார் நோன்பு. அதுங்க இன்னா பாவம் பண்ணுச்சு? ஆள பார்த்தா வாய பொளந்துகினு ஓடியாருது. பட்டினி கீதுன்னு நெனச்சேன்."

"பசிக்காட்டியும் ஓடி வரும்! அதுக்கு வேற வேலை என்ன?" என்று சீறினார் சௌகத் அலி. பிறகு தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டார். பழைய டூத் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்தார். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டார். நத்தைகள் இவ்வளவு பெரிய விருந்தை எதிர்பார்க்கவில்லை போலும், ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு யோசித்தன.

பாசி குறையவில்லை. சாவி அவரிடம் இருக்க, தீனி எப்படி உள்ளே போகிறது? நேரே செல்வமேரியிடம் போனார்.

"பூட்டு போட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கினு, என்னாண்ட வந்து கேக்குறியே சார், நல்லாகீதா?" என்றாள் அவள். முகம் சுண்டிப்போய், அன்று சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மாலை. கஞ்சிக் கிண்ணங்களும் பேரீச்சம்பழமும் மேசைக்கு வந்துவிட்டன. சௌகத் அலி போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, செல்வமேரியின் மேல் இருந்த சந்தேகத்தை மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பாங்கு சத்தம் கேட்டது. "சரிம்மா, நோன்பு திறக்கணும், வெச்சிடுறேன்" என்றார். வைக்கவில்லை. போன் ஜாடியில் சாய்ந்தபடியே, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வாய்கள் திறந்து மூடின. பழத்தைத் தட்டில் வைத்தார். எழுந்து, இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து, டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை தூவினார். நோன்பு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். தான் வாயில் வைக்குமுன் அவற்றுக்குப் போடுவதைத் தீனி என்று அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. இன்னொரு சிட்டிகைக்குக் கை போனது.

"அத்தா! டப்பாவைக் கீழ வைங்க."

ஜாடியிலிருந்து மகளின் குரல். கஞ்சியைக் குடிக்கப்போன ஜஹீரா கிண்ணத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாள். சௌகத் அலிக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொண்டு போயிடாதேம்மா. நீ போனப்புறம் நான் உள்ள வந்தா ஓடி வர்றது அதுங்க ரெண்டும்தான்."

"அப்போ நான் யாருங்க?" என்றாள் ஜஹீரா. அதற்கு அவரிடம் எந்த பாட்டிலிலும் மருந்து இல்லை.

அன்றே சாவியும் தீனி போடும் வேலையும் ஜஹீராவிடம் போயின. மறுநாள் செல்வமேரியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் அழுக்கு பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதன்பின் நோன்பு திறக்கும்போதெல்லாம் தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தினமும் தேய்த்தார், உப்புக் கலந்த புதுத் தண்ணீர் மாற்றினார். பாசி மெல்ல மெல்ல உதிர்ந்தது.

பெருநாளன்று ஷாயிஸ்தா வந்தாள். குனிந்து, நிமிர்ந்து, சுற்றிப் பார்த்தாள். "சரி அத்தா, இங்கேயே இருக்கட்டும்" என்றாள். சௌகத் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. புதுச் சட்டையோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

மீன்கள் அசையவில்லை. பின்னால் ஜஹீரா சேமியாக் கிண்ணத்தோடு வந்தாள். இரண்டும் அவரைத் தாண்டி, அவள் நின்ற பக்கம் வாயைத் திறந்துகொண்டு ஓடின. கண்ணாடி சுத்தமாக இருந்ததால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது.