கண்ணாடிக் கப்பும் தேங்காய்ச் சிரட்டையும்

அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கண்டக்டராக இருந்தேன். பால்வெட்டை மேற்பார்வை பார்க்கிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மரத்தில் பால் பிடிக்கச் சீமையிலிருந்து கண்ணாடிக் கப் வந்துகொண்டிருந்தது. பார்க்க அழகுதான், கம்பியிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தால் சுக்குநூறு. வெட்டுகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால். ஒரு காலையில் ஞானம்மாள் என்ற வெட்டுக்காரியின் உள்ளங்காலில் விரல் நீளச் சில்லு ஏறிவிட்டது. இரண்டு வாரம் படுத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போது நான் கதர் உடுத்துகிறவன். வாசகசாலையில் சுதேசிப் பிரசங்கமும் செய்வேன். நேரே தோட்டத்துத் துரையிடம் போய், "சீமைக் கப் வேண்டாம். நம்ம ஊர்ச் சிரட்டை போதும். ரப்பர் ஷீட்டுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"தோட்டத்துல ஒரு பிளாக் தர்றேன். ஷீட் மோசம்னா சீமைக்குக் கப் கேட்டு மறுபடி இண்டென்ட் போகும். நீயும் போகணும்" என்றார் துரை.

எண்ணெய்ச் செக்கிலிருந்து மூட்டை மூட்டையாகச் சிரட்டை வாங்கினேன். கண் உள்ள பாதி ஒழுகும் என்று கண் இல்லாத பாதியாகப் பொறுக்கினேன். என் புத்திசாலித்தனம் அதோடு சரி. கழுவி மரத்தில் கட்டினோம். பாலை அரிப்புச் சல்லடையில் வடித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் இழுத்து, புகைப்புரையில் போட்டோம். சில நாள் கழித்துத் துரை ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே முழுக்கக் கறுப்புப் பொடி.

"கண்டக்டர், இது என்ன எழுத்து? எனக்குப் படிக்கத் தெரியாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று துரை சொன்னதே பெரிய காரியம்.

அன்றுதான் ஞானம்மாள் நொண்டி நொண்டி வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒரு சிரட்டையை எடுத்து உள்ளே விரலை ஓட்டினாள்.

"இதையா மரத்துல கெட்டினீரு? தொட்டுப் பாத்தீரா?"

"நம்ம நாட்டுச் சாமான் ஞானம்மா. கொஞ்சம் முன்னபின்னத்தான் இருக்கும்."

"நம்ம நாட்டுச் சாமானுன்னா குப்பையா இருக்கணுமா? எனக்க வீட்டு அகப்பையில ஒரு நாரு கெடக்குமா? சுரண்டாத செரட்டையைச் சோத்துல இடுவோமா? சீமைக் கப்பு திரும்ப வந்தா பேச்சு உமக்கு, காலு எனக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "ஏட்டி, அந்த உடைஞ்ச கப்புச் சில்லை இஞ்ச எடு" என்றாள். அகப்பைக்குச் சிரட்டை சுரண்டுகிற மாதிரி, கண்ணாடிச் சில்லால் உள்ளும் புறமும் வழவழவென்று சுரண்டிக் காட்டினாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் கதர்ச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று விரலில் வெட்டு வாங்கியதுதான் மிச்சம். அவர்கள் சுரண்டியதில் பாதிகூட நான் சுரண்டவில்லை.

அடுத்த ஷீட் தேன் நிறத்தில் வந்தது. துரை ஒன்றைப் பார்த்தார், நம்பாமல் இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார். பிறகு இண்டென்ட் தாளை எடுத்துக் கண்ணாடிக் கப் என்ற வரியை அடித்துவிட்டார். என் வேலையும் தப்பியது.

ஓடிப்போய் ஞானம்மாளிடம் சொன்னேன். "கொள்ளாம், நல்லதுதான்" என்றாள். "மத்த பிளாக்குக்கு உள்ள செரட்டையை ஆரு சுரண்டுவா? இரியும்" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நம் சாமானை வாங்கு என்று கேட்பதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. அதைச் சுரண்டாமல் கொண்டுவந்து நீட்ட உரிமை கிடையாது.