சாமி ஜாடியில் பதினேழு புழு

சோமோவுக்கு நடக்க வருவதற்கு முன்பே தண்ணீரைக் கவிழ்க்க வந்துவிட்டது. அவள் அம்மா புவா, சுபன்புரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபது வருடமாகச் சுகாதாரத் தொண்டர். வாராவாரம் டார்ச்சும் கையுமாக வீடு வீடாகப் போவாள். சாடி, டயர், தேங்காய்ச் சிரட்டை, எதில் கொசுப்புழு நெளிந்தாலும் கவிழ்த்துவிட்டு, வாயாலேயே வீட்டுக்காரியையும் கவிழ்த்துவிட்டு வருவாள். புவா தெருவில் இறங்கினால் சூல்கொண்ட கொசுக்கள் அடுத்த மாவட்டத்துக்குப் பிரசவத்துக்குப் போய்விடும். அவை பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவள் வீட்டு வாசலில் தொங்கும் சோதனை அட்டையில் இருபது வருடமும் புழுக் கணக்கு சைபர்தான்.

அப்பேர்ப்பட்டவளின் மகளைத்தான், கல்லூரிக் கோடை விடுமுறையில், பாங்காக்கின் ஒரு கொசு ஆராய்ச்சிக்கூடத்தில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலை. ராத்ரீ என்ற ஆராய்ச்சி மாணவி, "மேஜையெல்லாம் துடைச்சு வைம்மா, காப்பி வாங்கிட்டு வந்துடறேன்" என்று போனாள். சோமோ துடைத்தாள். மேஜைமேல் ஆறு வெள்ளைத் தட்டுகள், தட்டில் தண்ணீர், தண்ணீரில் நெளிவு. இது கொசு ஆராய்ச்சிக்கூடம் என்று அவள் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லையே! தலை ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் ஆறும் கழுவுதொட்டியில் கவிழ்ந்துவிட்டன.

"தட்டுல இருந்ததெல்லாம் எங்க?" என்றாள் திரும்பி வந்த ராத்ரீ.

"புழு இருந்துச்சுக்கா... கொட்டிட்டேன்."

ராத்ரீ காப்பியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருடக்கணக்காகப் புகைமருந்து அடித்த ஊர்களில் கொசு இன்னும் அந்த மருந்துக்குச் சாகிறதா என்பதுதான் அவள் ஆய்வு. காய்ந்த கோடையில் நான்கு வாரம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த புழு அது. அடுத்த திங்கள் சோதனை. தவறினால் மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். அவளுடைய உதவித்தொகையோ மழைக்கு முன்பே முடிகிறது.

"நான் ஊருக்கே போயிடட்டுமாக்கா?"

"போ. வெறுங்கையோட மட்டும் திரும்பாதே. உங்க ஊர்லயும் புகை அடிக்கறாங்கதானே? முந்நூறு புழு வேணும் எனக்கு." சொல்லிவிட்டு, மீதிக் காப்பியை அவளிடமே நீட்டினாள். திட்டியிருந்தால் சோமோ தாங்கியிருப்பாள். காப்பியில்தான் அழுகை வந்துவிட்டது.

ஊரில் விஷயத்தைக் கேட்ட புவா சீறினாள்: "நம்ம ஊர்ல புழுவா? என் மானத்தை வாங்கவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?" ஆனாலும் மகளோடு தெருவில் இறங்கினாள்.

"புழுவா? எங்க வீட்லயா? புத்தர்மேல சத்தியமா ஒண்ணுகூட இல்ல புவாக்கா!" என்றாள் முதல் வீட்டுக்காரி.

"இருந்தா குடுடீ, திட்ட மாட்டேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. மறுநாள் ஊர் ஒலிபெருக்கியில என் பேரைக் கூவினே!"

தெருமுனையில் புவாவின் தலை தெரிந்ததுமே கொல்லைப்புறம் தோறும் சளார், சளார் என்று சாடிகள் கவிழ்ந்தன. நாற்பது வீடு ஏறி இறங்கியும் சைபர். புவா வாழ்க்கையில் முதன்முறையாக அந்த எண்ணைப் பார்த்து வெறுத்தாள்.

மாலையில் இருவரும் தங்கள் வீட்டு முற்றத்தில், வீட்டைக் காக்கும் காவல் சாமியின் குட்டிக்கோயிலுக்குப் பக்கத்தில் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். சாமிக்கு முன்னால் படைத்த சிவப்பு சோடாவும், தாமரை வைத்த ஜாடியும். சாமி தண்ணீரை எவர் கவிழ்ப்பார்? புவாவே அதை ஒருநாளும் சோதித்ததில்லை. சோமோ பழக்கதோஷத்தில் டார்ச்சை அடித்தாள்.

நெளிந்தன. பதினேழு.

"வெளியில சொல்லிடாதேடி" என்றாள் புவா.

"சொல்லலம்மா. பதினேழு எந்த மூலைக்கு? ராத்ரீ அக்காவுக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

அம்மா அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அந்தப் பொண்ணு உன்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலையா?"

"காப்பி குடுத்தாங்கம்மா."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. "ஊராருக்கு வணக்கம். புவா பேசறேன். எங்க வீட்டுச் சாமி ஜாடியில பதினேழு புழு. நானே எண்ணினேன். நேத்து நீங்க கவிழ்க்காம ஒளிச்சு வெச்சதைக் கொண்டாங்க. யாரையும் திட்ட மாட்டேன்." சிறு இடைவெளி. "இன்னிக்கு மட்டும்."

பத்து நிமிடத்தில் வாசலில் வரிசை. ஊறுகாய் ஜாடி, பால்மாவு டப்பா. ஊர்த்தலைவரே சண்டைக்கோழி தண்ணீர் குடிக்கும் சட்டியை மார்போடு அணைத்து வந்தார். வந்தவர்களெல்லாம் முதலில் சாமி ஜாடியைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒங்க புழு மட்டும் என்ன புவாக்கா, இவ்ளோ கொழுகொழுன்னு?"

"சாமி பிரசாதம்டீ. உன்னுது பட்டினி கிடந்த புழு, நடையைக் கட்டு!"

நானூற்றுச் சொச்சம் சேர்ந்தது; ஊரார் இன்றைக்கும் நாலாயிரம் என்பார்கள். சோமோ வாளியை மடியில் வைத்து வேனில் பாங்காக் போய்ச் சேர்ந்தாள். திங்கட்கிழமைச் சோதனை தவறாமல் நடந்தது.

மறுவருடம் ராத்ரீயின் ஆய்வேடு தபாலில் வந்தது. அதன் நன்றிப் பக்கத்தைப் புவா ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்க வாசித்தாள். ஜாடி கொண்டுவந்த அத்தனை பேர் பெயரும் இருந்தது. கடைசியில் காவல் சாமிக்கும் நன்றி. அன்று சாமிக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சிவப்பு சோடா கிடைத்தது. வாசல் அட்டையில் சைபர்களுக்கு நடுவே புவா தன் கையாலேயே எழுதிய பதினேழு இன்னும் இருக்கிறது.

சோமோ இப்போது அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே காப்பி வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். அம்மா பார்க்க வந்தால் மட்டும், அவளுடைய இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கூட்டிப் போகிறாள்.