ரத்னாபாய் விற்காத பங்குகள்

என் மனைவி ரத்னாபாய் திருவனந்தபுரம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் போனில் பேச வேண்டியவர்களை இணைத்துவிடுவது வேலை. நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன். இருவருக்கும் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். நந்தன்கோட்டில் வாடகை வீடு.

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, தங்கள் பங்குகளை நம்மவர்களுக்குக் குறைந்த விலையில் விற்றன. எக்ஸ்சேஞ்சில் யாரோ விண்ணப்பங்களைக் கொண்டுவந்து கொடுக்க, பெண்கள் பலரும் போட்டார்கள். விலை ஏறியதும் விற்றுப் பட்டுப் புடவை எடுத்தார்கள். ரத்னா மட்டும் விற்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த ஆண்டறிக்கையை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவளே தேடி வாங்க ஆரம்பித்தாள். அவள் தேர்வு விசித்திரமாக இருக்கும். தாராளமாக டிவிடெண்ட் கொடுக்கும் கம்பெனிகள் அவளுக்குப் பிடிக்காது.

“லாபத்த எல்லாம் பங்கு வச்சுக் குடுத்தவன் அப்பிடியே இருப்பான். குடுக்காம இன்னொரு ஷெட்டு கெட்டுதவன்தான் வளருவான்” என்பாள்.

அப்படி ஷெட் கட்டிக்கொண்டே இருந்த கம்பெனி, கோயம்புத்தூர்ப் பக்கத்து நொய்யல் பேரிங். இன்னும் நாலைந்து கம்பெனிகள் இருந்தாலும் அவள் செல்லப்பிள்ளை அதுதான். எண்பத்தைந்தில் சந்தை தீபாவளி ராக்கெட் மாதிரி கிளம்பியபோது நொய்யலும் ஏறியது. பேரூர்க்கடையில் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனையில் மாடி வீடே கட்டலாம் என்று நான் படம் வரைந்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ‘ஷேர் சேச்சி’, அதாவது ஷேர் அக்கா, என்று பெயர் விழுந்தது. அடுத்த நாற்காலியில் உட்காரும் பாறசாலைக்காரி சரோஜம், தன் வளையல்களை விற்று நொய்யல் வாங்கினாள். ரத்னா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை.

எண்பத்தாறு நடுவில் சந்தை சரியத் தொடங்கியது. காலையில் பேப்பர்க்காரன் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிப் போய் விலைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

“எல்லாத்தையும் வித்துரு ரத்னா. வீட்டுக்கு அஸ்திவாரமாவது போடலாம்.”

“வெப்ராளப்பட்டுப் பதறாதிய. எல்லாத்தையும் ஒண்ணுபோல பாக்கப்பிடாது. எது விலை மட்டும் எறங்குது, எதுல சரக்கே கெட்டுப்போச்சுன்னு பாக்கணும்லா.”

பார்த்தாள். நைலான் நூல் கம்பெனி ஒன்றின் கடன் வருஷத்துக்கு வருஷம் வீங்கியிருந்தது. அதை நஷ்டத்துக்கே விற்றாள். அன்று முழுக்க முகம் வாடியிருந்தது. அடுத்து நொய்யலைப் பற்றியும் யோசித்தாள். எங்கள் சேமிப்பில் பாதி அதிலேயே கிடந்தது. கம்பெனி நல்லதானாலும் இவ்வளவும் ஒரே இடத்தில் வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து, புரோக்கருக்குக் கடிதமும் எழுதி வைத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் மாலை டியூட்டி முடிந்து வந்தவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

“கேக்கப்பிடாத ஒண்ணக் கேட்டுட்டேன்” என்றாள்.

நேரம் முடிந்ததைச் சொல்ல ஒரு லைனில் நுழைந்திருக்கிறாள். சாலை பஜார் வியாபாரி ஒருவர் பம்பாயிலிருக்கும் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தாராம்: “நொய்யல் பேரிங்கு ஒண்ணுகூடக் கையில வைக்காத. பெரிய ஆர்டர் கேன்சலாயாச்சு. பேப்பர்ல வரதுக்கு முன்னால தள்ளிவிடு!”

“நல்லதாப் போச்சு. லெட்டர் ரெடியாத்தான இருக்கு? போஸ்ட் பண்ணிரு” என்றேன்.

அவள் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

“என்ன காரியம் செய்த நீ? நேத்தே முடிவு பண்ணுனதுதான?”

“நேத்து முடிவு பண்ணுனது எனக்கும் உங்களுக்கும் தெரியும். ஆனா இன்னைக்குப் பெட்டியில போட்டா, நான் அந்த வியாபாரிக்க போன் பேச்ச வச்சு வித்தவளாக்கும். அடுத்தவங்க பேச்சு என் காதுக்குள்ள வந்தாலும் அது எனக்குள்ளது இல்ல. இந்த வேலையில சேரும்போது சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அப்ப சரோஜத்துக்கிட்டயாவது...”

அவள் அழத் தொடங்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்த சரோஜத்திடம் வாயைத் திறக்காமல் ஒரு முழு ஷிஃப்டைக் கழித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரசத்தைச் சூடு பண்ணிச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அந்த வாரமே நொய்யல் விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் விழுந்தது. பேப்பரில் ஆர்டர் போன செய்தி வந்தபோது விலை பாதிகூட இல்லை. சரோஜம் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

“என்ன சேச்சி இது? விக்கவா, வைக்கவா? சொல்லுங்க.”

செய்தி எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் ரத்னா இப்போது பேசலாம். “கம்பெனிக்கு எழுதிக் கேக்கேன். பதில் வரட்டும்” என்றாள்.

பதில் வந்தது. போனது ஒரே ஆள் கொடுத்த ஆர்டர். மோட்டார் பம்பு செய்கிறவர்கள் வழக்கம்போல வாங்குகிறார்கள். புது ஷெட்டில் இயந்திரம் இறக்கும் வேலை நிற்கவில்லை. ரத்னா கடிதத்தை என்னிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு, நைலான் விற்ற பணம் இருந்ததே, அதில் ஒரு பகுதிக்கு நொய்யலே வாங்கினாள்! மீதியைத் தபால் ஆபீசில் போட்டாள். நான் மாடி வீட்டுப் படத்தைச் சுருட்டிப் பரணில் எறிந்தேன். சரோஜம் பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொண்டாள்.

பிறகு வந்த காலம் சுகமானதல்ல. நல்ல கம்பெனிகளும் கெட்டவற்றோடு சேர்ந்தே விலை இறங்கிக் கிடந்தன. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். நான் எரிந்து விழுவேன். ரத்னா எனக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கை அவித்து முன்னால் வைப்பாள். எண்பத்தெட்டுக் கடைசியில்தான் நொய்யல் தலை தூக்கியது. புது ஷெட்டின் சரக்கு வெளியே வந்ததும் விடுவிடுவென்று ஏறியது. போனஸ் பங்கும் கொடுத்தார்கள். தேவைக்கு மட்டும் விற்று, பேரூர்க்கடையில் மாடியில்லாத சிறிய வீடு ஒன்றைக் கட்டினோம்.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின், ரத்னா சரோஜத்தைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். அன்று டிரங்க் லைனில் கேட்டதை முழுதும் சொன்னாள். நான் அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜம் வெகுநேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்தாள்.

“என் வளையலாக்கும் சேச்சி அது” என்றாள். அவ்வளவுதான். பாயசத்தைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ரத்னா புது வீட்டில் சிரிக்காமல் நடமாடினாள். எக்ஸ்சேஞ்சில் இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். சரோஜம் கேட்டு வாங்கியிருந்தாள். “செய்தது சரிதான். ஆனா அவ முகம் எனக்கு வேணுமே” என்று ரத்னா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் குடையை மடக்கும் சத்தம். சரோஜம் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சீப்பு ஏத்தன்பழம், கக்கத்தில் மடித்த பேப்பர். என்னைப் பார்க்காதவள் போல உள்ளே வந்து, அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள்.

“சேச்சி, சிமெண்டு கம்பெனி ஒண்ணு ஷேர் எறக்குதாம். போடலாமா?”

“பேப்பரக் கொண்டா, வாசிச்சுப் பாப்போம்” என்று ரத்னா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க ரெண்டு பேருக்கும் சேத்து சாயா போடுங்க” என்றாள்.