மேல் போர்ஷன்

"ஸ்வல்ப திரும்பிப் படுங்கோம்மா. இடது கை தலைக்கு மேலே" என்று திரையைப் பார்த்துச் சொல்வார் டாக்டர் கஸ்தூரிரங்கன். நோயாளியின் முகத்தை அவர் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, எக்கோ கருவியை விலாவில் அழுத்தி, ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தபடி இதயத்தோடு மட்டும் பேச்சுவார்த்தை நடத்துவார்.

பெங்களூர் அல்சூரில் அவருக்குப் பரம்பரையாக மூன்று வீடுகள். இதயம் நாலாவது. "நாலு போர்ஷன், நாலு கதவு. எல்லாம் நன்னா மூடறது, லீக்கேஜ் இல்லே" என்பார். வந்தவர், நாம் நெஞ்சைக் காட்ட வந்தோமா, வீடு பார்க்க வந்தோமா என்று விழிப்பார். கெட்ட செய்தி என்றால் மட்டும் வாய் நேராகச் சொல்லாது. ஜெர்மன் மெஷினுக்கு மேலே ஒரு கோயில் காலண்டர். அதில் ராகுகாலம் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டார். அந்த அறையில் சீனியர் டாக்டர் அந்தக் காலண்டர்தான்.

போன ஆடியில் ஸ்ரீராம்புரத்துத் தமயந்தியம்மாவை நான்தான் அழைத்துப் போனேன். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன் நான். துணி உலர்த்த மேலே வரும்போதெல்லாம் மூச்சு வாங்கி என் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

கருவி நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. கீர்த்தனையும் நின்றது. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"மேல் போர்ஷன்ல ஒரு டெனன்ட் வந்து உக்காந்திருக்கான். காலி பண்ண வெச்சுடணும்."

தமயந்தியம்மா என்னைப் பார்த்தார்.

"ஐயோ, நல்ல புள்ள டாக்டர். அவன் பாட்டுக்கு இருக்கான்."

"உங்க ஹார்ட்டைச் சொல்றேம்மா."

"அதுவா? அப்ப மெதுவா பண்ணலாம். ஆடி மாசத்துல யாரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

"வாஸ்தவம். ஆஷாடத்துல நானும் யாரையும்..." என்று ஆமோதிக்கவே தொடங்கிவிட்டார் மனிதர்! அவருக்குள் இருந்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார், டாக்டரைக் காணோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த டெனன்டுக்குப் பேர் இல்லியா டாக்டர்?" என்று கேட்டே விட்டேன்.

டாக்டர் முதன்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினார். உருண்டையாக ஒன்று, துடிப்புக்குத் துடிப்பு கதவுவரை வந்து ஆடிவிட்டுப் போனது.

"கட்டிம்மா. ரத்தம் உறைஞ்சிருக்கோன்னு பாத்தேன். இல்லே, சுவத்துல காம்போட ஒட்டிண்டிருக்கு. துண்டு ஒடஞ்சா மூளைக்குப் போயிடும். இந்த வாரமே ஆபரேஷன் பண்ணியாகணும்."

"ஆடியிலயா?"

அம்மாவின் கண் காலண்டருக்குப் போனது. பழக்கதோஷத்தில் டாக்டரும் பார்த்தார். ராகுகாலம் தொடங்கியிருந்தது. ஒரு கையால் சர்ஜனின் நம்பரை அழுத்திக்கொண்டே, மறு கையால் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் குப்புறப் போட்டார்.