பொண்ணோட நேரம்

மகள் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை, மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் அவள் அம்மா, தன் கணினியின் கடிகாரத்தை நான்கு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாள். இந்நேரம் சாப்பிட்டிருப்பாள், இந்நேரம் வகுப்பு முடிந்திருக்கும் என்று திரையின் மூலையைப் பார்த்துப் பார்த்தே வேலை ஓடியது.

இரண்டு வாரம் கழித்து, எல்லாக் கணினிகளும் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று கணினி நிர்வாகி புது விதி போட்டார். அறுபது கணினிகள் கேட்டன. அவளுடையது மட்டும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கேபிளை மாற்றினார், அணைத்து அணைத்துப் போட்டார். மூன்றாம் நாள்தான் அந்த நேரம் அவர் கண்ணில் பட்டது.

“அக்கா, கடிகாரம் இவ்வளவு தப்பா இருந்தா சர்வர் இந்த மெஷினை நம்பாது. விதியும் வந்து சேராது. யார் மாத்தினது?”

“நான்தான் தம்பி. அது என் பொண்ணோட நேரம். எடுத்துடாதீங்க.”

“மூணு நாள் என் உயிரை வாங்கிட்டு இப்போ கெஞ்சுறீங்களா?”

அவள் முகம் சுருங்கிப்போனது. அவர் கடிகாரத்தைச் சரிசெய்தார். விதி வந்து சேர்ந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. இரண்டாவது கடிகாரம் ஒன்றைச் சேர்த்து, அதற்கு ‘பொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டுத்தான் போனார்.

அவள் அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள். “ஐயோ அம்மா!” என்று சிரித்ததோடு சரி.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய மடிக்கணினியில் இரண்டு கடிகாரங்கள்; இரண்டாவதன் பெயர் ‘அம்மா’. கீழே எழுதியிருந்தாள்: “ஆபீஸ் விட்டுக் கிளம்புற நேரமாச்சு. பார்த்துப் போ.”